நவம்பர் மழையில் வான்கூவர் மலைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் வான்கூவருக்கு வடக்கே கடலை ஒட்டி எழும் நார்த் ஷோர் மலைகளுக்கும், அங்கிருந்து ஸ்குவாமிஷ் ஊர் வரை நீளும் பகுதிக்கும் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை ஏறப்போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்பவர்களில் பெரும்பாலோர் கோடையில் இரண்டு மூன்று மலை ஏறி ருசி கண்ட நம் ஆட்கள். பல வருடங்களாக இந்த மாதங்களில் நண்பர்களோடு போய் வருகிறேன். எனக்கு இங்கே மிகவும் பிடித்த பருவமும் இதுதான்.

நவம்பரில் போகலாமா, வசந்தம் வரை காத்திருக்கணுமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் ஜூலையில் மலையைத் தேர்ந்தெடுத்த முறையில் நவம்பரில் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஜூலையில் "நம்மால் எவ்வளவு தூரம் நடக்க முடியும்" என்று பார்த்தால் போதும். நவம்பரில் முதலில் மூன்று எண்களைப் பார்க்க வேண்டும்: அன்றைய உறைநிலை உயரம், வெளிச்சம் இருக்கும் மணி நேரம், 24 மணி நேரத்தில் பெய்யப்போகும் மழை. எந்த மலை, எந்தப் பாதை என்பதை இந்த மூன்றும் முடிவு செய்யட்டும். கால் பலம் நாலாவதாக வரட்டும்.

இங்கே ஏன் இவ்வளவு மழை?

பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று நேராக இந்த மலைகளில் மோதி மேலே ஏறுகிறது, குளிர்கிறது, கொட்டுகிறது. விமான நிலையம் இருக்கும் ரிச்மண்ட் பகுதியில் வருடத்துக்குச் சுமார் 1,200 மி.மீ. மழை. அரை மணி நேரம் கார் ஓட்டி மலையடிவாரத்துக்கு வந்தால் அது 2,000 மி.மீ.யைத் தாண்டிவிடும். வருடத்திலேயே அதிக மழை நவம்பரில்தான். நம் ஊரில் ஐப்பசி கார்த்திகை அடைமழை என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அதே நாட்களில்தான் இங்கேயும்.

சாதாரண மழை வேறு, 'வளிமண்டல ஆறு' என்று செய்தியில் வருவது வேறு. வெப்பக் கடலின் ஈரம் ஒரு நீண்ட பட்டையாக இந்தக் கரைக்கு வந்து சேர்வது அது. ஹவாய் பக்கமிருந்து வந்தால் 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' என்பார்கள். 2021 நவம்பர் நடுவில் வந்த ஒன்று, இந்த பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் நெடுஞ்சாலைகளைத் துண்டு துண்டாக்கியது. லில்லுவெட் அருகே 99ஆம் நெடுஞ்சாலையில் மண் சரிந்து ஐந்து பேர் இறந்தார்கள். அப்படி ஒன்று வருகிறது என்றால் மலைப்பக்கமே போக வேண்டாம். என் கணக்கு எளிது: 24 மணி நேரத்தில் 50 மி.மீ.க்கு மேல் என்று முன்னறிவிப்பு சொன்னால் பயணம் ரத்து.

நான் வால்பாறை மழையில் நடந்து வளர்ந்தவன். மழை எனக்குப் புதுசா?

மழை புதுசு இல்லை, அந்த மழையின் குளிர்தான் புதுசு. வால்பாறையில் தொப்பலாக நனைந்தாலும் ஒரு டீக்கடையில் நின்று தலையைத் துவட்டினால் சரியாகிவிடும். இங்கே 3 டிகிரியில் பெய்கிறது. பனி விழுந்தால் தட்டிவிடலாம், மழை உள்ளே இறங்கிவிடும். சுழியத்துக்குக் கீழே பத்து டிகிரி உள்ள உலர்ந்த நாளைவிட, 3 டிகிரி மழை நாள்தான் எனக்கு அதிக பயம் தருகிறது.

நடக்கும்வரை ஒன்றும் தெரியாது, உடம்பு அடுப்பு மாதிரி எரிந்துகொண்டிருக்கும். நின்ற பத்தாவது நிமிடத்தில்தான் தெரியும். ஒரு முறை சீமோர் மலையில் டாக் மவுண்டனுக்குப் போனோம். போய்வர 5 கி.மீ., ஏற்றமே கிடையாது என்று சொல்லலாம். ஒரு நண்பர் ஜீன்ஸ் போட்டிருந்தார். மேலே மேகம் விலகும், ஊர் தெரியும் என்று கால் மணி நேரம் நின்றோம். திரும்பலாம் என்றபோது அவரால் ஜாக்கெட் ஜிப்பைப் பிடிக்க முடியவில்லை. விரல்கள் ஜிப்பின் மேல் படுகின்றன, ஆனால் பிடிக்கவில்லை. "ஏன் உம்முனு இருக்க" என்று கேட்டதற்கு எரிச்சலாக ஏதோ சொன்னார், வார்த்தை குழறியது. ஜீன்ஸ் முழுக்க ஈரம். உடம்பின் உள்வெப்பம் இறங்கத் தொடங்கியதற்கு இவைதான் அடையாளம்: தடுமாறும் கை, குழறும் பேச்சு, காரணமில்லாத எரிச்சல், தள்ளாடும் நடை. அந்த நபருக்கு அது தெரியாது. கூட இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஈரத்துணியைக் கழற்றி என்னிடமிருந்த உலர்ந்த சட்டையை மாட்டிவிட்டு, பையின் மேல் உட்கார வைத்து, சூடான இனிப்புக் காப்பி கொடுத்தோம். அப்புறம் நிற்காமல் நடக்க வைத்துக் காருக்குக் கொண்டுவந்தோம். கால் மணி நேர நடையில் முகம் தெளிந்தது. அன்றிலிருந்து யாராவது ஜீன்ஸில் வந்தால் நான் கிளம்புவதில்லை.

உறைநிலை உயரம் என்றால் என்ன? எப்படிப் பார்ப்பது?

காற்றின் வெப்பம் சுழியம் டிகிரியைத் தொடும் உயரம். மேலே போகப் போக 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்பதால், ஊரில் 6 டிகிரி என்றால் 1,000 மீட்டரில் உறைநிலை என்று மனக்கணக்குப் போடலாம். ஆனால் மனக்கணக்கை மட்டும் நம்பாதீர்கள். மலை வானிலைத் தளங்கள் இதைத் தனி வரியாகவே காட்டுகின்றன. நவம்பரில் இது ஒரே வாரத்தில் 500 மீட்டருக்கும் 2,500 மீட்டருக்கும் இடையே ஏறி இறங்கும்.

ஓர் உதாரணம். சைப்ரஸ் மலையில் கார் நிறுத்தும் இடம் சுமார் 900 மீட்டர். அங்கிருந்து செயின்ட் மார்க்ஸ் சிகரம் 1,350 மீட்டரை ஒட்டி. போய்வர 11 கி.மீ., கோடையில் ஐந்து மணி நேரத்தில் முடியும். உறைநிலை 1,100 மீட்டர் என்றால், காரிலிருந்து மழையில் கிளம்பி, நனைந்து, பாதி வழியில் சகதிப் பனியில் கால் வைத்து, மேலே போகப் போக அந்த ஈரத்தோடே உறைபனிக்குள் நுழைவீர்கள். இதைவிடக் கெட்ட சேர்க்கை கிடையாது. அதே மலைக்கு உறைநிலை 500 மீட்டர் என்றால் ஆரம்பத்திலிருந்தே உலர்ந்த பனி, பூட்ஸில் மைக்ரோஸ்பைக் (பனியில் பிடிக்கும் சின்ன இரும்பு முட்கள்) மாட்டி நிம்மதியாக நடக்கலாம், பனிச்சரிவு அபாயத்தைப் பார்த்துவிட்டு. ஆகவே உறைநிலைக்கோடு உங்கள் பாதையின் நடுவில் விழுந்தால் வேறு பாதை பாருங்கள். முழுக்கக் கோட்டுக்குக் கீழே இருப்பது நல்லது. அனுபவம் இருந்தால் முழுக்க மேலே.

பனி சில சமயம் உறைநிலைக்கு 200, 300 மீட்டர் கீழேகூட விழும். அந்த இடைவெளியையும் கணக்கில் சேருங்கள். கிளம்பும் காலையில் பனிச்சறுக்கு மையங்களின் வெப்கேமைப் பாருங்கள். மேலே தரை வெள்ளையா கறுப்பா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

நவம்பர் நடுவில் பகல் ஒன்பது மணி நேரம்தான். ஜூன் கடைசியில் பதினாறு மணி நேரம் இருந்தது. அதிலும் செடார், ஹெம்லாக் மரங்களுக்கு அடியில், மேகமும் சேர்ந்தால், சூரியன் மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வேர் எது, நிழல் எது என்று தெரியாது.

விடியும்போது பாதை ஆரம்பத்தில் இருங்கள். திரும்பும் நேரத்தைக் காரிலேயே முடிவு செய்து எல்லாருக்கும் சொல்லுங்கள். சூரிய அஸ்தமனத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும், சிகரம் கண்ணுக்குத் தெரிந்தாலும்கூட. ஈரப் பாதையில் இறங்குவது ஏறுவதைவிட வேகமாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். என் அனுபவத்தில் பல நாட்கள் ஏறிய அதே நேரம்தான் இறங்கவும் ஆகிறது.

ஆளுக்கொரு ஹெட்லாம்ப் கட்டாயம், மாற்று பேட்டரியோடு. கைபேசி டார்ச் இதற்குப் பதில் ஆகாது. ஒரு கை போய்விடும், பேட்டரியும் போய்விடும். மூடுபனியில் விளக்கின் ஒளி முகத்துக்கு முன்னால் வெள்ளைத் திரையாக நிற்கும். அப்போது விளக்கைத் தலையிலிருந்து கழற்றி இடுப்பு உயரத்தில் பிடித்தால் தரை தெரியும்.

எந்தப் பாதைகளுக்குப் போகலாம்?

தாழ்வான காட்டுப் பாதைகள்தான் நவம்பரின் சொத்து. லின் ஹெட்வாட்டர்ஸ் பூங்காவில் நார்வன் அருவிக்குப் போகும் பாதையை முதலில் சொல்வேன். போய்வர 14 கி.மீ., ஏற்றம் குறைவு, ஆற்றை ஒட்டியே நடை. கோடையில் சாதாரணமாக இருக்கும் அருவி நவம்பரில் இரைச்சலோடு இறங்கும். வழியில் நூறு வருடங்களுக்கு முன் வெட்டப்பட்ட செடார் அடிமரங்கள், ஒரு சின்ன அறை அகலத்துக்கு, அவற்றின் தலையில் புது மரம் முளைத்து நிற்கும். வாழைப்பழ நிறத்தில் விரல் நீளத்துக்கு ஓடில்லாத நத்தை ஒன்று பாதையைக் கடந்துகொண்டிருக்கும், பனானா ஸ்லக் என்பார்கள். மழை நின்ற பிறகும் மரங்கள் ஒரு மணி நேரம் தனியாகப் பெய்துகொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்காகவே நான் போகிறேன்.

பேடன் பவல் பாதை 48 கி.மீ. நீளம், நார்த் ஷோர் முழுக்க ஓடுகிறது. அதன் தாழ்வான துண்டுகளை எடுத்து நடக்கலாம். டீப் கோவ் என்ற இடத்திலிருந்து குவாரி ராக் வரை போவது அரை நாளுக்குப் போதும். ஸ்குவாமிஷ் பக்கம் என்றால் ஆலிஸ் ஏரியைச் சுற்றியுள்ள நான்கு ஏரிப் பாதை.

வேண்டாம் என்று சொல்பவை: ஹவ் சவுண்ட் கிரெஸ்ட் பாதையின் உள்பகுதி, லயன்ஸ் சிகரங்கள், பனோரமா ரிட்ஜ். கரிபால்டி ஏரிக்குப் போய்வர மட்டுமே 18 கி.மீ., மேலே பனி வேறு, இந்தப் பகலுக்குள் புதியவர்களால் முடிக்க முடியாது. குரவுஸ் மலையில் செங்குத்தாக ஏறும் பாதையான குரவுஸ் கிரைண்டைப் பனியும் உறைபனியும் வந்ததும் பூட்டிவிடுவார்கள். பூட்டிய கேட்டைத் தாண்டி ஏறாதீர்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அவர்களை எங்கே கூட்டிப்போவது?

லின் கேன்யன் தொங்குபாலம். 1912இல் திறந்தது, ஆற்றுக்கு 50 மீட்டர் மேலே தொங்குகிறது, கட்டணம் இல்லை. படிக்கட்டுப் பக்கம் போகாமல் பாலத்தைக் கடந்து பார்த்துவிட்டு வந்தால் போதும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு சீமோர் பள்ளத்தாக்கில் 10 கி.மீ. தார்ப்பாதை இருக்கிறது, முடிந்தவரை நடந்துவிட்டுத் திரும்பலாம். அம்மாவுக்குப் புடவைதான் வசதி என்றால் உள்ளே ஒரு தெர்மல் பேன்ட், மேலே முழங்கால் வரை வரும் மழைக்கோட்டு. குல்லாயை மறக்காதீர்கள்.

ஸ்குவாமிஷ் சீஃப் ஏறலாமா?

ஸ்குவாமிஷ் ஊரை ஒட்டி நிற்கும் பெரிய கிரானைட் பாறை மலை அது. மூன்று சிகரங்கள், உயரமானது 700 மீட்டர்தான் என்பதால் உறைநிலைக் கணக்கில் பெரும்பாலும் தப்பித்துவிடும். சிக்கல் பாறை. மேல்பகுதியில் சங்கிலியையும் ஏணியையும் பிடித்து ஏறும் வழுக்குப் பாறைகள் இருக்கின்றன. மழை நாளிலோ, மழை பெய்த மறுநாள் காலை உறைந்திருக்கும்போதோ போகாதீர்கள். இரண்டு நாள் காய்ந்திருந்தால் முதல் சிகரம் மட்டும் போய்வரலாம். போகும் முன் பூங்காத் துறையின் பக்கத்தில் மூடல் அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கயிறு கட்டிப் பாறை ஏறுகிறவர்களுக்கு?

ஸ்குவாமிஷ் கிரானைட் மணற்பாறை போல ஈரத்தில் பலவீனமாகாது. ஆனால் சீஃபில் ஏப்ரன் என்ற பகுதி மாதிரி சாய்ந்த பாறைப் பலகைகளில் ஏறுவதே காலணியின் உராய்வை நம்பித்தான், ஈரம் வந்தால் அந்த உராய்வு போய்விடும். மழை நின்றாலும் வெடிப்புகளிலிருந்து நாள்கணக்கில் நீர் கசியும். கறுப்புக் கோடாகத் தெரிவதெல்லாம் ஈரமும் பாசியும்தான். நவம்பரில் சில நாள் வெயில் அமைந்தால், தெற்கு பார்த்த குட்டைப் பாறைகளான ஸ்மோக் பிளஃப்ஸ் முதலில் காயும், அங்கே போங்கள். பல கட்டங்களாகக் கயிறு போட்டு ஏறும் நீளமான ஏற்றங்களை அடுத்த வருடத்துக்கு வையுங்கள். விரல்கள் ஏங்கினால் பென்டிக்டன் அருகே ஸ்காஹா பாறைப் பகுதி இருக்கிறது. மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், மழை மறைவுப் பிரதேசம். ஐந்து மணி நேர ஓட்டம், நடுவில் பனிக் கணவாய், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

என்ன உடுத்துவது? நிறைய செலவாகுமா?

பருத்தி எதுவும் வேண்டாம். பனியன், உள்ளாடை, சாக்ஸ் வரை. தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர், அதற்கு மேல் ஃபிளீஸ், அதற்கு மேல் மழை ஜாக்கெட், மழை பேன்ட். தண்ணீர் புகாத கோர்டெக்ஸ் துணியில் தைத்த விலை உயர்ந்த ஜாக்கெட்டும் இந்த மழையில் மூன்று நான்கு மணி நேரத்தில் மேல்துணி ஊறிப்போய், உள்ளே வியர்வை தங்க ஆரம்பிக்கும். ஆகவே ஜாக்கெட்டில் கொட்டும் பணத்தைவிட, பைக்குள் ஒரு முழு உலர்ந்த மாற்றுடை வைத்திருப்பதுதான் முக்கியம். பழைய பொருள் கடைகளில் ஃபிளீஸும் கம்பளி ஸ்வெட்டரும் மலிவாகக் கிடைக்கும். நானும் அங்கேதான் வாங்குகிறேன்.

பைக்கு வெளியே போடும் மழை உறை மட்டும் போதாது. முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கிவிடும். தடித்த குப்பைப் பையைப் பைக்குள் விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். கையுறை மூன்று ஜோடி. ஒன்று நனைந்ததும் பிழிந்து உள்ளே போட்டு அடுத்ததை மாட்டலாம். அகலமான காட்டுப் பாதையில் குடை அருமையான பொருள், முகத்தில் மழை அடிக்காமல், ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு வியர்க்காமல் நடக்கலாம். காற்றடிக்கும் மேட்டில் வேண்டாம்.

காலணி?

அடிப்பகுதி நன்றாகப் பிடிக்கும், கணுக்கால் வரை வரும் பூட்ஸ். வாட்டர்புரூஃப் என்று எழுதியிருந்தாலும் மேலிருந்து தண்ணீர் இறங்கும், மழை பேன்ட்டை பூட்ஸுக்கு வெளியே விடுங்கள். வழுக்கும் பொருள்களில் முதலிடம் பட்டை உரிந்த வேருக்கு, இரண்டாவது மரப்பலகைப் பாலத்துக்கு. வேரின் மேல் மிதிக்காமல் தாண்டி மண்ணில் கால் வையுங்கள். காரில் உலர்ந்த செருப்பும் சாக்ஸும் இருக்கட்டும்.

சாப்பாடு?

புளியோதரை கட்டிக்கொண்டு போவதைத்தான் எல்லாரும் முதலில் நினைக்கிறார்கள். 3 டிகிரியில் சோறு விறைத்து அரிசியாகிவிடும், அதை நின்று சாப்பிடக் கையுறையையும் கழற்ற வேண்டும். சப்பாத்தியில் உருளைக்கிழங்குப் பொரியல் வைத்துச் சுருட்டி, பாதி பாதியாகக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்தால் நடந்துகொண்டே கடிக்கலாம். பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், முந்திரி. ஃபிளாஸ்கில் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி. அதைப் பாதியாவது திரும்பும் வழிக்கு மிச்சம் வையுங்கள், யாருக்காவது தேவைப்படும். அரை மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் சாப்பிடுவது, உட்கார்ந்து ஒரேயடியாகச் சாப்பிடுவதைவிட நல்லது.

ஓடையைக் கடக்க வேண்டி வந்தால்?

காலையில் கல் மேல் கல்லாகத் தாண்டிய ஓடை, மதியம் முழங்காலுக்கு மேல் ஓடும். இந்த மலைகள் செங்குத்து, பெய்த மழை உடனே இறங்கிவிடும். தண்ணீர் கலங்கி, கற்கள் உருளும் சத்தம் கேட்டால் கால் வைக்காதீர்கள். இங்கே ஓடைகள் எவ்வளவு கொடூரமாக மாறும் என்பதற்கு ஒரே ஒரு நாள் போதும்: 1981 அக்டோபர் 28, லயன்ஸ் பே அருகே எம் கிரீக்கில் பாறையும் மரமுமாக இறங்கிய சேற்று வெள்ளம் நெடுஞ்சாலைப் பாலத்தை அடித்துப் போனது. இருட்டில் பாலம் இல்லாதது தெரியாமல் வந்த கார்கள் விழுந்தன, ஒன்பது பேர் இறந்தார்கள்.

வழி தவறினால், அடிபட்டால்?

911. போலீஸ் வேண்டும், மலையில் மாட்டிக்கொண்டோம் என்று சொல்லுங்கள், அவர்கள் மீட்புக் குழுவை அழைப்பார்கள். நார்த் ஷோர் ரெஸ்க்யூ 1965 முதல் இயங்கும் தன்னார்வலர் குழு. மீட்புக்குக் கட்டணம் கிடையாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பில் வந்துவிடும், விசாவுக்குப் பிரச்சினை ஆகிவிடும் என்று பயந்து இருட்டும்வரை கூப்பிடாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். பகலில் கூப்பிட்டால் பாதி வேலை குறையும். மேகம் இறங்கிவிட்டால் ஹெலிகாப்டர் வர முடியாது, அவர்கள் நடந்துதான் வர வேண்டும். நாலைந்து மணி நேரம் ஆகலாம். அதுவரை உயிரோடும் சூட்டோடும் இருப்பதற்குத்தான் அந்த மாற்றுடையும், ஒரு அவசரப் போர்வையும், உட்காரத் துண்டுப் பாயும்.

வழி தவறியது தெரிந்தவுடன் நில்லுங்கள். கீழே ஊர் விளக்கு தெரிகிறதே என்று ஓடையைப் பிடித்து நேராக இறங்காதீர்கள். இந்த மலைகளில் எல்லா ஓடைகளும் அருவியாகத்தான் முடிகின்றன. கைபேசியை விமானப் பயன்முறையில் உள்சட்டைப் பையில் சூடாக வைத்திருங்கள், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருங்கள். மலைக்குப் பின்பக்கம் சிக்னல் இருக்காது. எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் 911ஐ அழைக்க வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கு எழுதி அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

கார் விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்?

ஸ்குவாமிஷ் போகும் 99ஆம் நெடுஞ்சாலையில் அக்டோபர் 1 முதல் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். வாடகைக் கார் எடுத்தால் இதைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

பனிச்சரிவு நவம்பரிலேயே வருமா?

வரும். முதல் பெரும் பனி விழுந்தவுடனே, செங்குத்தான திறந்த சரிவுகளில் அபாயம் தொடங்குகிறது. ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மலைகளும் இதற்கு விலக்கு இல்லை. பனிச்சரிவு அபாயத்தை அறிவிக்கும் அமைப்பான அவலாஞ்ச் கனடாவின் முன்னறிவிப்பைப் பாருங்கள். அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சி எடுக்காதவர்கள் காட்டுக்குள்ளேயே, மரங்களுக்கு நடுவிலேயே நடங்கள்.

கரடி தூங்கப் போயிருக்குமா?

எல்லாம் போயிருக்காது. கறுப்புக் கரடிகள் நவம்பரிலும் உலவும். பேசிக்கொண்டே நடங்கள், மழை இரைச்சலில் நீங்கள் வருவது அவற்றுக்குக் கேட்காது. சாப்பாட்டுத் துணுக்கை விட்டுவிட்டு வராதீர்கள்.

எல்லாம் தயார், ஆனால் கொட்டும் மழை என்று முன்னறிவிப்பு. விடுப்பு எடுத்தாச்சு, என்ன செய்ய?

மலையை விட்டுவிட்டு, மழை சற்றுத் தணியும் மறுநாள் பிராக்கன்டேலுக்குப் போங்கள், ஸ்குவாமிஷ் ஊருக்கு வடக்கே. நவம்பர் பாதியிலிருந்து முட்டையிட வரும் சால்மன்களைத் தின்ன வெண்தலைக் கழுகுகள் அங்கே கூடத் தொடங்கும். 1994இல் ஒரே நாள் கணக்கெடுப்பில் 3,769 கழுகுகளை எண்ணினார்கள். ஆற்றங்கரை மேட்டுப் பாதையில் நின்று எதிர்க்கரையைப் பார்த்தாலே போதும், நாயைக் கூட்டிப்போகாதீர்கள், கரையில் இறங்காதீர்கள். இலை உதிர்ந்த காட்டன்வுட் கிளைகளில் வெள்ளைத் தலைகள் வரிசையாகத் தெரியும். அவையும் நனைந்துபோய், சிறகை அரைகுறையாக விரித்து உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பைனாகுலரும், அந்தச் சுக்குக் காப்பி ஃபிளாஸ்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.